ஜிடிபியின் ‘எக்ஸ்’ கமாண்ட்: மெமரியை உள்ளபடி பார்க்க

ஜிடிபியின் விலை: இலவசம். உபுண்டு, டெபியன் எதுவானாலும் ஒரு வரி கமாண்டில் இறங்கிவிடும். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் எழுதத் தொடங்கிய டீபக்கர் இது, அதாவது ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்த்துப் பிழை தேடும் கருவி. இன்றும் புதிய பதிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. முழு ஜிடிபியையும் மதிப்பிட ஒரு புத்தகம் வேண்டும். எனக்குச் சோறு போடுவது அதன் ஒற்றை எழுத்துக் கமாண்ட் ஒன்றுதான். அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஆங்கில எக்ஸ். ‘எக்ஸாமின்’ என்பதன் சுருக்கம்.

எலக்ட்ரானிக் தராசு, பில் மெஷின், லேபிள் பிரின்டர் இவற்றுக்குள் ஓடும் சி நிரல்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கூட வேலை பார்க்கும் தம்பிகள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “அண்ணா, பிரின்ட் போட்டாலே மதிப்பு வந்துருதுங்களே, அப்புறம் இது எதுக்குங்கண்ணா?”

ஜிடிபியிலேயே இருக்கும் பிரின்ட் நல்ல கமாண்ட்தான். ஆனால் அது உங்கள் நிரலை நம்புகிறது. ஒரு மாறியை 32 எழுத்து வரிசை என்று நீங்கள் அறிவித்திருந்தால் 32 பைட்டோடு நிறுத்திக்கொள்ளும். முழு எண் என்று அறிவித்திருந்தால் முழு எண்ணாகவே காட்டும், உள்ளே கிடப்பது என்ன குப்பையானாலும். எக்ஸ் யாரையும் நம்பாது. ஒரு முகவரி கொடு, எத்தனை வேண்டும், எந்த வடிவில், எந்த அளவில் என்று சொல், அங்கே இருப்பதைக் கொட்டுகிறேன் என்கிறது. பிழை என்பதே நாம் நம்பியதற்கும் உள்ளே இருப்பதற்கும் உள்ள இடைவெளிதானே. நம்பிக்கையை மறுபடி அச்சடித்துக் காட்டும் கருவியை வைத்துக்கொண்டு அந்த இடைவெளியைப் பார்க்க முடியாது.

இலக்கணம் சின்னது. எக்ஸ், ஒரு சாய்கோடு, எண்ணிக்கை, வடிவ எழுத்து, அளவு எழுத்து, பிறகு ஓர் இடைவெளி விட்டு முகவரி. வடிவத்துக்கு எக்ஸ் என்றால் பதினாறடிமானம் (ஹெக்ஸ்), டி என்றால் குறியுள்ள தசமம், யு என்றால் குறியில்லாத தசமம், சி ஒற்றை எழுத்து, எஸ் சரம், ஐ இயந்திரக் கட்டளை. அளவுக்கு பி ஒரு பைட், ஹெச் இரண்டு, டபிள்யூ நான்கு, ஜி எட்டு. நான் இங்கே ஒலிப்படி எழுதுவதை நீங்கள் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். ஆக, எக்ஸ்/36யுபி என்றால் முப்பத்தாறு பைட்டுகளை, ஒவ்வொன்றாக, தசமத்தில் காட்டு என்று பொருள்.

இதை ஏன் இவ்வளவு மெச்சுகிறேன் என்பதற்கு ஒரு கேஸ் சொல்கிறேன்.

காய்கறிக் கடை ஒன்றில் எடை போட்டு லேபிள் ஒட்டும் மெஷின். ஆங்கிலப் பெயர்களோடு பல காலம் ஒழுங்காக ஓடியது. கடைக்காரர் தமிழில் பெயர் வேண்டும் என்று கேட்டு, நாங்களும் மாற்றிக் கொடுத்தோம். தக்காளி, வெங்காயம் எல்லாம் சரி. கொத்தமல்லித்தழை லேபிளில் மட்டும் ‘கொத்தமல்லி’ வந்து, பின்னால் ஒரு கருப்புக் கட்டமும், அதை அடுத்து @ குறியும் வந்தது. அதுவும் எல்லா நாளும் இல்லை. மறுநாள் கட்டம் இருக்கும், @ இருக்காது. இன்னொரு நாள் அந்த லேபிளை அடிக்கும்போதெல்லாம், லாக்கைத் திரையில் ஓடவிட்டிருந்த தம்பியின் லேப்டாப் ‘டிங்’ என்று மணி அடித்தது. கடைக்காரர் வைரஸ் என்றார். தம்பி எழுத்துருவில் கோளாறு என்றான். பிரின்டரை மாற்றிப் பார்க்கலாம் என்று ஒருவர் கிளம்பிவிட்டார்.

மெஷினுக்குள் இருப்பது லினக்ஸ் ஓடும் ஆர்ம் போர்டு. ஜிடிபிசர்வர் என்கிற சிறிய துணை நிரலை அதில் ஓடவிட்டு, நெட்வொர்க் கேபிள் வழியாக லேப்டாப்பிலிருந்து ஜிடிபியை இணைத்தோம். லேபிள் அடிக்கும் ஃபங்ஷனில் நிறுத்தி, முதலில் பிரின்ட். ‘கொத்தமல்லி’ என்று அழகாகக் காட்டியது. கூடவே கடைசி இரண்டு பைட் முழுமையில்லாத தொடர் என்று ஒரு குறிப்பு, அதுவும் 340, 256 என்று எட்டடிமானத்தில் (தசமத்தில் 224, 174). அந்த @ எங்கே? பிரின்ட்டின் கணக்கில் அப்படி ஒன்று இல்லவே இல்லை.

அடுத்து எக்ஸ்/எஸ். இது சரம் என்று சொன்னதால், பூஜ்ய பைட் வரும்வரை படித்துக்கொண்டே போகும். அறிவிப்பில் 32 என்று இருப்பது அதற்கு ஒரு பொருட்டில்லை. லேபிள் நிரலும் இப்படித்தான் படிக்கிறது. ஆகவே கொத்தமல்லி, அரைகுறை பைட்டுகள், அடுத்து @ என்று லேபிளில் வந்தது அப்படியே திரையில் வந்தது. பிரின்டர் மேல் குற்றம் இல்லை என்பது அந்த நொடியில் தீர்ந்தது.

பிறகு எக்ஸ்/36யுபி. வரிக்கு எட்டாக வந்தது:

224 174 149 224 175 138 224 174
164 224 175 141 224 174 164 224
174 174 224 174 178 224 175 141
224 174 178 224 174 191 224 174
64 6 0 0

தமிழ் மென்பொருள் எழுதுபவர்கள் இதைத் தசமத்தில் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். எழுத்துகளை பைட்டாக எழுதும் முறையான யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. 224க்குப் பின் 164, 165 என்றால் தேவநாகரி. 180, 181 என்றால் மலையாளம். 182, 183 என்றால் சிங்களம். கொஞ்சம் பழகினால் பைட்டைப் பார்த்தே எந்த மொழி என்று சொல்லலாம். இங்கே எண்ணிப் பாருங்கள். க, ஒகரக் குறி, த, புள்ளி, த, ம, ல, புள்ளி, ல, இகரக் குறி. பத்துக் குறியீடு, முப்பது பைட். மிச்சம் இருந்த இரண்டு பைட்டில் அடுத்த ‘த’வின் முதல் இரண்டு துண்டுகள், 224, 174, ஏறி உட்கார்ந்திருக்கின்றன. மூன்றாவது துண்டுக்கு இடமில்லை. முடிவைக் குறிக்கும் பூஜ்யத்துக்கும் இடமில்லை. பெயரை நகலெடுக்கும் ‘எஸ்டிஆர்என்சிபிஒய்’ ஃபங்ஷன், மூலம் நீளமாக இருந்தால் பூஜ்யம் வைக்காமலே போய்விடும் என்பது சி எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பழைய வியாதி. ஆங்கிலப் பெயர் எதுவும் 31 எழுத்தைத் தாண்டாததால் அது இத்தனை காலம் வெளியே வரவில்லை.

அப்படியானால் 64 6 0 0 என்ன? பல புலங்களை ஒன்றாகக் கட்டி வைக்கும் ஸ்ட்ரக்சரில் பெயருக்கு அடுத்த புலம் விலை, பைசாவில், நான்கு பைட். சிறிய பைட் முதலில் வரும் லிட்டில் எண்டியன் முறை. 6 பெருக்கல் 256, கூட்டல் 64: ஆக 1600 பைசா. அன்றைக்குக் கட்டு 16 ரூபாய். ஆங்கில எழுத்துகளுக்கான எண் அட்டவணையான ஆஸ்கியில் 64 என்பது @. விலை மாறினால் குறியும் மாறும். 15 ரூபாய் என்றால் 220, 5; இரண்டுமே அச்சில் தெரியும் எழுத்தில்லை. மணி அடித்த நாளில் 18 ரூபாய்: 1800 பைசா, பைட்டில் 8, 7. எட்டு பேக்ஸ்பேஸ், ஏழு மணி! கொத்தமல்லி விலை ஏறினால் லேப்டாப் டிங் என்கிறது. இதை எந்த லாக்கில் தேடிக் கண்டுபிடிப்பது?

திருத்தம் இரண்டே வரி. வெட்டும் இடத்தில் இருக்கும் பைட் 128க்கும் 191க்கும் இடையில் இருந்தால் அது ஒரு குறியீட்டின் நடுத்துண்டு, எனவே முதல் பைட் வரும்வரை பின்னுக்கு வந்து வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் பூஜ்யம் வைக்க வேண்டும். வைத்தோம். லேபிள் சுத்தமாக ‘கொத்தமல்லி’ என்று வந்தது. இரண்டாம் நாள் கடைக்காரர் மறுபடி போன் செய்தார்: “தழைக்கும் விதைக்கும் ஒரே பேரு வருதுங்க.” வாஸ்தவம். ‘கொத்தமல்லி விதை’யும் முப்பது பைட்டோடும் ஓர் இடைவெளியோடும் நின்றுவிட்டது. புலத்தையே 96 பைட்டாக அகலப்படுத்தி, பழைய தரவுக் கோப்புகளை மாற்றிக் கொடுத்த பிறகுதான் விட்டார். டீபக்கரால் அதற்கெல்லாம் உதவ முடியாது.

இனி கருவியின் மற்ற குணங்கள்.

எக்ஸ் போட்டுவிட்டு வெறும் என்டர் அழுத்தினால், விட்ட இடத்திலிருந்து அதே எண்ணிக்கை அடுத்தது வரும். பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் 8085 கிட்டில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தச் சுகம் தெரியும். முகவரியைத் தட்டிவிட்டு ‘நெக்ஸ்ட்’ பொத்தானை அழுத்த அழுத்த, சிவப்பு எண்களில் ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து வரும். எண்ணிக்கைக்குக் கழித்தல் குறி போட்டால் பின்பக்கமாகவும் பார்க்கலாம். கடைசியாகப் பார்த்த முகவரி ‘$_’ என்ற மாறியிலும், அங்கே இருந்த மதிப்பு ‘$__’ என்ற மாறியிலும் தங்கியிருக்கும். ஒரு முகவரியை வைத்திருக்கும் சுட்டியை (பாயின்டர்) தொடர்ந்து போகும் லிங்க்டு லிஸ்ட் வேலைக்கு இது பெரிய வசதி.

மெமரி கேட்டு வாங்கும் ‘மல்லாக்’ ஃபங்ஷன் கொடுத்த சுட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியின் 64 பிட் பதிப்பில், சுட்டிக்கு எட்டு பைட் முன்னால் அந்தத் துண்டின் அளவு எழுதியிருக்கும். 24 பைட் கேட்டிருந்தால் அங்கே 33 இருக்கும். துண்டு 32 பைட், கடைசி பிட்டில் இருக்கும் 1, முன்னால் உள்ள துண்டு பயன்பாட்டில் இருக்கிறது என்பதற்கான அடையாளம். 25 பைட் கேட்டால் 49. இந்த இடத்தில் சம்பந்தமில்லாத பெரிய எண் கிடந்தால் யாரோ முன்துண்டிலிருந்து எல்லை தாண்டி எழுதியிருக்கிறார்கள். யாரென்று பார்க்க யுபி போட்டு எட்டு பைட்டைப் பிரிப்பேன். 224, 174 கண்ணில் பட்டால் ஏதோ ஒரு தமிழ்ப் பெயர்தான் வேலி தாண்டி வந்து படுத்திருக்கிறது. வாங்கிய மெமரியை ஃப்ரீ செய்யும்போது நிரல் செத்துவிழும் மர்மங்களில் பாதி இங்கேயே அவிழ்ந்துவிடும்.

குறைகளுக்கு வருகிறேன். கொஞ்சம் நிறையவே உண்டு.

பெரிய குறை, பைட்டுகளுக்குப் பக்கத்தில் எழுத்து நெடுவரிசை கிடையாது. 1980களின் டாஸில் வந்த ‘டீபக்’ நிரலில் டி தட்டினால் 128 பைட், வலப்பக்கம் எழுத்துகள் என்று வந்துவிடும். விண்டோஸின் டீபக்கரான வின்டிபிஜியில் டிபி கமாண்டும் அதே அழகோடு இன்றும் இருக்கிறது. எல்எல்டிபி என்கிற இன்னொரு டீபக்கரில் ‘மெமரி ரீட்’ கேட்டால், தானாகவே எழுத்தோடு காட்டும். ஜிடிபி மட்டும் இன்னும் ஒன்று எண்ணாகக் கேள், இல்லை எழுத்தாகக் கேள், இரண்டும் ஒன்றாகக் கிடையாது என்று நிற்கிறது. பைத்தானில் நாலைந்து வரி எழுதி நாமே செய்துகொள்ளலாம், ஜெஃப், பிடபிள்யூஎன்டிபிஜி போன்ற துணைத் தொகுப்புகளைப் போட்டுக்கொண்டால் எண்ணும் எழுத்தும் அருகருகே வரும் ஹெக்ஸ்டம்ப் கிடைக்கும் என்பதெல்லாம் சரி. அடிப்படைச் சாமானில் இருக்க வேண்டியதை நான் ஏன் தனியாகப் போய் வாங்க வேண்டும்? ஒன்று சொல்ல வேண்டும், தமிழ்த் தரவோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இந்தக் குறை அவ்வளவு வலிக்காது. ஆஸ்கி நெடுவரிசையில் நம் எழுத்து ஒவ்வொன்றும் வெறும் மூன்று புள்ளியாகத்தான் தெரியப்போகிறது.

அடுத்தது, வடிவமும் அளவும் ஒட்டிக்கொண்டு வரும் பழக்கம். போன தடவை எந்த வடிவில் பார்த்தீர்களோ அதுவே இந்தத் தடவைக்கும். இது வசதி மாதிரி இருக்கும். ஆனால் நடுவில் பிரின்ட்டுக்குக் கொடுத்த வடிவமும் எக்ஸ் மேல் தொற்றிக்கொள்ளும். ஒரு கொடியை (ஃப்ளாக்) எழுத்தாகப் பார்க்க பிரின்ட்/சி போட்டிருப்பீர்கள்; பத்து நிமிடம் கழித்து வெறும் எக்ஸ் போட்டால் மெமரி முழுவதும் ஒற்றை மேற்கோள் எழுத்துகளாக வந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் மூன்று பாகத்தையும் முழுதாக எழுதிவிடுவதுதான் நிம்மதி. எங்கள் மேசையில் இது சட்டம்.

டபிள்யூ என்கிற அளவு இன்னொரு பொறி. இன்டெல் கையேட்டைப் படித்துவிட்டு வருகிறவனுக்கு ‘வேர்டு’ என்றால் இரண்டு பைட். வின்டிபிஜியிலும் டிடபிள்யூ என்றால் இரண்டு. ஜிடிபியில் நான்கு. இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவன் வாரத்துக்கு ஒரு முறையாவது இதில் முட்டிக்கொள்வான்.

முகவரி கேட்கும் இடத்தில் மாறியின் பெயரைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதும் விளங்கிக்கொள்ள வேண்டியது. வரிசையின் பெயரைக் கொடுத்தால் அது இருக்கும் முகவரிக்குப் போகும். முழு எண்ணின் பெயரைக் கொடுத்தால் அந்த எண்ணையே முகவரியாக எடுத்துக்கொள்ளும். விலையின் பெயரை அப்படியே கொடுத்துப் பாருங்கள், 640 என்ற பதினாறடிமான முகவரியைத் தொட முடியவில்லை என்று பதில் வரும். 1600இன் பதினாறடிமானம்தான் அது! முன்னால் முகவரிக் குறியான & போட வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லித்தரலாம். சொல்லாது. முழு ஸ்ட்ரக்சரைக் கொடுத்தால் முழு எண்ணாக மாற்ற முடியாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். புதிதாக வருகிறவர்கள் இந்த இரண்டு பதிலைப் பார்த்ததுமே பயந்து பிரின்ட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். நான் பார்த்தவரை இவர்களை விரட்டுவது மெமரியின் சிக்கல் அல்ல, இந்த வறட்டுப் பதில்கள்தான்.

நீளமான சரங்களை இயல்பாக 200 எழுத்தோடு வெட்டிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். ‘செட் பிரின்ட் எலிமென்ட்ஸ்’ என்று கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். இடம் முழுமையாக வேண்டுமென்றால் டம்ப் கமாண்டால் கோப்பில் இறக்கிவிட்டு வெளியே ஹெக்ஸ்டம்ப்பில் திறப்பது என் வழக்கம். அப்படி இறக்கிய கோப்பில் அந்த நேரம் மெமரியில் கிடந்த வாடிக்கையாளர் போன் நம்பர், பாஸ்வேர்டு எல்லாம் வெட்டவெளியாக இருக்கும். வாட்ஸப் குழுவில் ‘யாராச்சும் பாருங்கப்பா’ என்று போட்டுவிடாதீர்கள்.

விஎஸ் கோட் வைத்திருக்கிறேனே, அதில் மெமரி பார்க்கும் சாளரம் இருக்கிறதே என்பவர்களுக்கு: இருக்கட்டும், மேசையில் உட்கார்ந்து எழுதும்போது நானும் அதைத்தான் திறக்கிறேன். கடையின் பின்கட்டில், அரிசி மூட்டை மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, விட்டு விட்டு வரும் நெட்வொர்க்கில் வேலை பார்க்கும்போது எழுத்து மட்டும் போய்வரும் கருவிதான் தாக்குப்பிடிக்கிறது. எந்தப் பைட்டைப் பார்த்தோம் என்பதும் அப்படியே லாக்காகக் கையில் இருக்கும்.

ஜாவா, பைத்தான் மட்டுமே எழுதுகிறவர்களுக்கு இது தேவைப்படாது, வீணாகக் கற்றுக்கொள்ள வேண்டாம். சி, சி++, எம்பெடட், கர்னல் பக்கம் இருப்பவர்கள் தயங்க வேண்டாம். ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும்: உபுண்டுவில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலோடு இணைக்கப் போனால் அனுமதி இல்லை என்று தடுக்கும். ‘பிட்ரேஸ் ஸ்கோப்’ என்ற பாதுகாப்பு அமைப்பு அது. நிர்வாகி அனுமதியோடு ஓட்டும் சூடோ போட்டு இணைத்துக்கொள்ளுங்கள், அமைப்பையே நிரந்தரமாக அணைத்து வைக்க வேண்டாம்.

இந்தக் கமாண்டுக்கு, மாறிகளின் பெயரையும் வகையையும் சொல்லும் டீபக் தகவல்கூட வேண்டியதில்லை. கடையில் ஓடும் பைனரியில் அவை எல்லாம் பெரும்பாலும் உரிக்கப்பட்டிருக்கும். மாறி பெயரைச் சொல்லிப் பிரின்ட் போட்டால், அப்படி ஒன்று இல்லை என்று கையை விரிக்கும். எக்ஸ்/8ஐ $பிசி போடுங்கள், ப்ராசசர் நின்ற இடத்திலிருந்து எட்டு இயந்திரக் கட்டளைகள் வரும். எக்ஸ்/32எக்ஸ்டபிள்யூ $எஸ்பி போடுங்கள், ஸ்டாக்கின் மேல்பகுதி வரும். வெளியூர் சைட்டுக்கு ஒரு தம்பியைத் தனியாக அனுப்புவதற்கு முன் இந்த இரண்டையும் அவன் கையால் அடிக்கச் சொல்லி, வந்ததை வாயால் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் போடுகிறோம்.